காஸ்ட்கோ கார்டா, ஆல்டி வண்டியா? எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் கேரி, மோரிஸ்வில் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "காஸ்ட்கோ கார்டு எடுத்தாயிற்றா?" என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு. வீட்டில் எத்தனை பேர்? ஃப்ரீசர் எவ்வளவு பெரிது? இந்த வருடம் ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கடை என்பதைச் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் ஆயிரம் விலைப் பட்டியல்களைப் பார்த்தும் பயனில்லை.

எங்கள் வீட்டில் நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள் என்று மூன்று பேர். அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள், வருடச் சந்தா கட்டியவர்களுக்குப் பெரிய பெரிய அளவுகளில் விற்கும் காஸ்ட்கோ போன்ற உறுப்பினர் கிடங்குக் கடைகளும் இருக்கின்றன, ஆல்டி, லிடில் போன்ற மலிவு மளிகைக் கடைகளும் இருக்கின்றன. பல ஆண்டுகளாக இரண்டிலும் மாறி மாறி வாங்கிப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் வீட்டுக்கு மலிவுக் கடைதான் அடிப்படை. கிடங்குக் கடை சில குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும். அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

இந்தக் கடைகள் எப்படிக் குறைந்த விலைக்கு விற்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். கிடங்குக் கடைகளின் மூதாதை, 1976இல் சால் பிரைஸ் சான் டியேகோவில் திறந்த பிரைஸ் கிளப். அவரிடம் தொழில் கற்ற ஜிம் சினேகல், ஜெஃப் பிராட்மனுடன் சேர்ந்து 1983இல் சியாட்டிலில் காஸ்ட்கோவைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் சாம்ஸ் கிளப்பும் ஓக்லஹோமாவில் வந்தது. காஸ்ட்கோ தன் சரக்கின் மேல் வைக்கும் விலையேற்றத்துக்குத் தானே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டிருக்கிறது: மற்ற நிறுவனங்களின் பொருள்களுக்கு 14 சதவீதம், சொந்தப் பிராண்டான கிர்க்லாண்டுக்கு 15 சதவீதம். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சரக்கு இருந்தால் இங்கே சுமார் நான்காயிரம்தான். சரக்கில் பெரிதாக லாபம் பார்க்காத கடை எதில் பார்க்கிறது? நாம் கட்டும் சந்தாவில். 2024 நிதியாண்டில் அந்த நிறுவனத்துக்குச் சந்தாவாக மட்டும் வந்தது ஏறத்தாழ 480 கோடி டாலர். அந்த ஆண்டின் நிகர லாபம் 740 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டை பாதாமை நம் தலையில் கட்டுவதைவிட, நாம் அடுத்த வருடமும் கார்டைப் புதுப்பிப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. அதனால்தான் விலையும் நியாயமாக இருக்கிறது, பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆல்டியின் கதை வேறு. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து ஆல்பிரெக்ட் குடும்பத்தின் சிறு மளிகைக் கடையிலிருந்து வளர்ந்தது அது. அமெரிக்காவில் முதல் கடை 1976இல் அயோவாவில் திறக்கப்பட்டது. லிடிலும் ஜெர்மனிக் கடைதான். 2017 ஜூனில் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது வர்ஜீனியாவிலும் இரண்டு கரோலினாக்களிலும்தான் முதல் கடைகளைத் திறந்தார்கள். சந்தா கிடையாது. செலவைக் குறைத்து விலையைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆல்டியின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று சங்கிலியால் கோக்கப்பட்டிருக்கும். கால் டாலர் நாணயத்தைக் கைப்பிடிக்குப் பக்கத்துத் துளையில் செருகினால் வண்டி விடுபடும்; திருப்பிக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் கைக்கு வரும். வண்டிகளைப் பொறுக்கி அடுக்கத் தனியாக ஆள் தேவையில்லை. உள்ளே தக்காளிச் சாறு டப்பாக்களை யாரும் அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்குவதில்லை. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே வைத்திருப்பார்கள். பொட்டலத்தின் பல பக்கங்களிலும் நீளநீளமாகப் பார்கோடு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் பொருளைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டியதில்லை. ஒரே இழுப்பு, அடுத்த வண்டிக்குள் போய் விழும். பை தர மாட்டார்கள். கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். சுவரோரப் பலகையில் நாமே பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த புதிதில் இந்தக் கடையின் வேகம் பதற்றமாக இருக்கும். பழகிவிட்டால் வேறு கடையில் வரிசையில் நிற்கப் பொறுமை இருக்காது.

இனி விலை. இங்கே விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. ஓரத்தில் சின்னதாக இருக்கும் அலகு விலையைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். ஒரு கடை அவுன்ஸுக்கு எவ்வளவு என்று எழுதும், இன்னொன்று பவுண்டுக்கு எழுதும், காகிதத் துண்டுச் சுருள் என்றால் நூறு தாளுக்கு எவ்வளவு என்று இருக்கும். அலகு விலையை எழுதியே ஆக வேண்டும் என்ற சட்டம் சில மாநிலங்களில் மட்டும்தான் உண்டு. நான் எல்லாவற்றையும் பவுண்டுக்கு மாற்றிக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். நாங்கள் அடிக்கடி வாங்கும் சாமான்கள் இருபதுக்குள் அடங்கும் என்பதால் இது பெரிய வேலையில்லை. பட்டியல் தயாரானதும் தெரிந்த விஷயம்: பால், முட்டை, வாழைப்பழம், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி போன்றவற்றில் மலிவுக் கடை கிடங்குக் கடைக்குச் சமமாக இருக்கிறது, சில வாரங்களில் அதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. அதுவும் நமக்கு வேண்டிய அளவில்.

அளவு என்பதுதான் இதில் உயிர்நாடி. கிடங்குக் கடையில் ஒரு கீரைப் பெட்டி 30 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு அழுகிக் குப்பைக்குப் போனால் என்ன ஆகிறது? 100 ரூபாய்ப் பொருளை 70க்கு வாங்கினோம். உண்மையில் சாப்பிட்டது மூன்றில் இரண்டு பங்கு. அந்த இரண்டு பங்கை முழு அளவுக்குப் பெருக்கினால் விலை 105. மலிவு என்று வாங்கியது ஐந்து சதவீதம் கூடுதல் விலையாகிவிட்டது. இதை மனக்கணக்காகப் போடுவது எளிது, வீட்டில் நிரூபிப்பது கடினம், ஏனென்றால் தூக்கி எறிந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, எறிந்ததையெல்லாம் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தாளில் அதிகம் வந்த பெயர்கள் சாலட் இலை, ஸ்ட்ராபெர்ரி, பெரிய தயிர் டப்பாவின் கடைசிக் கால் பகுதி. அந்த மாதத்தோடு இம்மூன்றும் கிடங்குக் கடைப் பட்டியலிலிருந்து போய்விட்டன.

அமெரிக்கப் பத்திரிகைகளில் 'மொத்தமாக வாங்கக் கூடாதவை' என்று வரும் பட்டியல்களை நம் சமையலறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பவுண்டு வெங்காய மூட்டையைப் பார்த்து என் அலுவலகத் தோழி மலைப்பாள். அவளுக்கு அது மூன்று மாதச் சரக்கு. தினமும் சாம்பாருக்கும் பொரியலுக்கும் சட்னிக்கும் அரிகிற வீட்டில் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். பாலும் அப்படித்தான். ஒரு கேலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர். காபி, குழந்தைக்குப் பால், மிச்சத்தை உறை ஊற்றித் தயிர் என்று போனால் இரண்டு கேலன் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். மாறாக, அவர்கள் வீட்டில் பறக்கும் இரட்டைப் பெட்டி சீரியலும் பாளம்பாளமான சீஸும் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் அசையாது. உங்கள் வீட்டில் எது தீர்கிறது என்று உங்கள் குப்பைக்கூடைக்குத் தெரியும். எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

சரி, கிடங்குக் கடை தயக்கமில்லாமல் வெல்லும் இடங்கள் எவை? முதலிடம் எங்கள் வீட்டில் ஒவ்வாமை மாத்திரைக்கு. மார்ச் கடைசியில் இந்த ஊர்ப் பைன் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கினால் கார், திண்ணை, செருப்பு எல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளும். கணவருக்கு மூக்கு ஒழுகல் தொடங்கி மே வரை நிற்காது. செடிரிசின் மாத்திரை மருந்துக்கடைச் சங்கிலிகளில் சின்ன அட்டையாகக் கணிசமான விலைக்கு விற்கிறது. அதே மருந்து, அதே 10 மில்லிகிராம், கிர்க்லாண்டு பெயரில் 365 மாத்திரை உள்ள புட்டி. ஒரு மாத்திரையின் விலை சில காசுகள்தான். அடுத்து பாதாம், முந்திரி, வால்நட். இவற்றில் எண்ணெய் இருப்பதால் வெளியே கிடந்தால் காறல் வாடை வந்துவிடும். வாங்கி வந்த அன்றே பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. பாசுமதி, பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை, கழிவறைக் காகிதம், குழந்தை இருந்தால் டயப்பர், நான்கு டயர் மாற்ற வேண்டியிருந்தால் டயர். உரித்த பூண்டு மூன்று பவுண்டுப் பை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்ரோலும் ஒரு காரணம். கேலனுக்கு 20 காசு குறைவு என்றால் 12 கேலன் தொட்டிக்கு 2 டாலர் 40 காசு மிச்சம். வாரம் ஒரு முறை நிரப்பினால் வருடத்துக்கு ஏறக்குறைய 125 டாலர். ஆனால் இது தினசரிப் பாதையில் கடை இருந்தால்தான். இருபது நிமிடம் எதிர்த்திசையில் ஓட்டிப் போய், சனிக்கிழமை வரிசையில் பதினைந்து நிமிடம் இன்ஜினை உறுமவிட்டு நிற்பவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

சந்தாவுக்கு வருவோம். காஸ்ட்கோவில் 2024 செப்டம்பர் முதல் சாதாரணச் சந்தா 65 டாலர், மேல்நிலையான எக்ஸிக்யூட்டிவ் 130 டாலர். மலிவுக் கடையோடு ஒப்பிட்டுச் சராசரி 10 சதவீதம் மிச்சமாகிறது என்று கொண்டால், 65 டாலரை ஈடுகட்டவே வருடத்துக்கு 650 டாலருக்குச் சாமான் வாங்க வேண்டும். அதற்கு மேல்தான் லாபம். ஒப்பீட்டை வழக்கமான சூப்பர் மார்க்கெட்டோடு செய்யாதீர்கள். ஆல்டியில் வாங்கக்கூடியதை ஆல்டியோடு ஒப்பிடுங்கள். எக்ஸிக்யூட்டிவ் கார்டு 2 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. கூடுதலாகக் கட்டும் 65 டாலரை எடுக்க வருடத்துக்கு 3,250 டாலர், அதாவது மாதம் 270 டாலர் செலவழிக்க வேண்டும். பெட்ரோல் அதில் சேராது. மூன்று பேர் குடும்பம் அந்த எண்ணைத் தொடுவதற்காகவே வாங்கத் தொடங்கினால் கார்டு நம்மை ஆட்டிவைக்கிறது என்று பொருள். பிடிக்கவில்லை என்றால் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை அவர்கள் மருந்தகத்தில் வாங்கக் கார்டே தேவையில்லை என்பதும்.

மற்ற இரண்டு கிடங்குக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாக: சாம்ஸ் கிளப்பின் சந்தா குறைவு, கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டுக் கல்லா வரிசையைத் தாண்டி வெளியேறலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே அதைச் சிபாரிசு செய்வேன். பிஜேஸில் தயாரிப்பாளர் கூப்பன்களை ஏற்கிறார்கள், பொட்டலங்களும் சில சிறியவை. கூப்பன் வெட்டும் பொறுமை எனக்கில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மூன்று பேர் கணக்கு. மாமாவும் அத்தையும் மன்னார்குடியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். முதல் முறை அழைத்துப் போனபோது, ஒன்றரை லட்சம் சதுர அடியையும் கூரை வரை அடுக்கிய சரக்கையும் அண்ணாந்து பார்த்துவிட்டு மாமா, "நம் ஊர் நெல் குடோன் மாதிரி இருக்கிறதே அம்மா, இங்கே ஒரு கட்டு மல்லித்தழை வாங்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது. ஆனால் அத்தையின் கண் உரித்த பூண்டுப் பையில் நின்றுவிட்டது. பல் பல்லாக வெள்ளை வெளேரென்று, ஒரு தோல் துணுக்கு இல்லாமல் மூன்று பவுண்டு. "உரித்தேவா விற்கிறார்கள்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வண்டியில் எடுத்து வைத்தார். அன்று மாலையே பாதி பூண்டுத் தொக்கானது. கால் பங்கு பூண்டுக் குழம்பு. மீதியை ஜிப் பையில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தோம். பரப்பி வைத்தால்தான் ஒட்டிக்கொள்ளாமல் வேண்டிய பல்லை மட்டும் உடைத்து எடுக்க முடியும். நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கும் மாதங்களில் இந்தப் பையை நான் தொடுவதில்லை. பச்சையாக வைத்தால் பாதியிலேயே வழவழப்பாகிவிடும்.

ஐந்து பேர், மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, தினம் இரண்டு முறை காபி, வார இறுதியில் அவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள். அந்த ஆறு மாதத்தில் நான் குப்பைக்குப் போட்ட காய் அநேகமாக எதுவுமில்லை. அத்தை இருக்கும் வீட்டில் காலிஃபிளவர் தண்டுகூடக் கூட்டாகிவிடும். பத்துப் பவுண்டு உருளைக்கிழங்கு, ஐந்து டஜன் முட்டை அட்டை, இரட்டைக் கேலன் பால் எல்லாம் அப்போது நியாயமான அளவுகள். அவர்கள் ஊர் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு பெட்டி. உறவுக்கெல்லாம் பாதாம், பிஸ்தா, சாக்லேட், சத்து மாத்திரை. இந்தக் கொள்முதலில் கிடங்குக் கடைக்குப் போட்டியே கிடையாது. எனவே எங்கள் வீட்டில் சந்தா அவர்கள் வருகையை ஒட்டித் தொடங்கும். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை என்றால் புதுப்பிப்பதில்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைச் சேரும்போதே எடுத்துவிட வேண்டும். கடன் அட்டையிலிருந்து சத்தமில்லாமல் போகும் 65 டாலரை யாரும் கவனிப்பதில்லை.

எதை வாங்கினாலும் மூன்றாவது கடை ஒன்று இருக்கத்தான் செய்யும். இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு இந்தியக் கடைதான் கதி. அங்கே சோனா மசூரி 20 பவுண்டு மூட்டை தள்ளுபடியில் வரும் வாரத்தைக் காத்திருந்து பிடித்தால் கிடங்குக் கடை பாசுமதியின் கவர்ச்சி குறைந்துவிடும். பருப்பைப் புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் கொட்டுங்கள், வண்டு வராது.

வேண்டாததை வாங்க வைப்பதில் இரண்டு வகைக் கடைகளுமே சளைத்தவை அல்ல. காஸ்ட்கோவில் எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று பலகை கிடையாது. தேடிக்கொண்டே போனால் கூடாரமும் சாய்வு நாற்காலியும் கண்ணில் படும். ஆல்டியில் நடுவரிசை முழுக்க வாரா வாரம் மாறும் சாமான், பெரும்பாலும் புதன்கிழமைப் புதுவரவு. வித்தியாசம் அளவில்தான்: ஆல்டியில் ஆசைப்பட்டால் பத்து டாலர் வாணலியோடு போகும், கிடங்கில் ஆசைப்பட்டால் முந்நூறு. குறைந்த விலைக்கு நல்ல பொருள் வேண்டுமென்றால் காஸ்ட்கோ விலைச்சீட்டின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். 97 என்று முடிந்தால் பெரும்பாலும் தள்ளிவிடும் விலை. மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தச் சரக்கு பெரும்பாலும் மீண்டும் வராது.

சந்தா இல்லாத ஆண்டுகளில் பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர்க் குடும்பத்தோடு சேர்ந்து போகிறேன். கார்டு அவர்களுடையது, உறுப்பினர் தன்னோடு இரண்டு விருந்தினரை அழைத்து வரலாம், ஆனால் பணம் கட்டுவது உறுப்பினர்தான். பில்லைப் பார்த்து என் பங்கை அங்கேயே அனுப்பிவிடுவேன். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் நட்புக்கு ஆகாது. எதைப் பங்கிடலாம், எதைக் கூடாது என்பதில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உள்ளே தனித்தனியாகக் கட்டியவை, எண்ணிப் பிரிக்கக் கூடியவை, உலர்ந்தவை ஆகியவற்றைப் பங்கிடுவோம்: சோப்பு, முட்டை, காகிதச் சுருள், சமையலறைத் தராசில் நிறுத்துப் பாதாம். எண்ணெயையும் திறந்த பால் பொருளையும் பிரிப்பதில்லை. மாத்திரைப் புட்டியையும் பிரிப்பதில்லை. காலாவதித் தேதியும் அளவும் புட்டியின் மேல்தான் இருக்கின்றன. அதை மட்டும் பிப்ரவரியிலேயே ஆளுக்கு ஒன்றாக வாங்கிவிடுகிறோம்.